மோசஸ் பேரில் ஒரு வீடு

விக்டோரியாவுக்குக் குலுக்கலில் எதுவும் விழுந்ததே கிடையாது. கிறிஸ்துமஸுக்குச் சபையில் சீட்டு எடுத்தாலும் சரி, பொன்னேரி ஜவுளிக்கடையில் பில்லுக்குப் பின்னால் பேரெழுதிப் பெட்டியில் போட்டாலும் சரி, அவள் சீட்டு மட்டும் அடியிலேயே கிடக்கும். அவள் புருஷன் மோசஸ் அப்படியில்லை. அவனுக்கு ஒருமுறை குக்கர் விழுந்தது, இன்னொருமுறை சுவர்க் கடிகாரம். உழைத்துச் சம்பாதித்தது நிற்காத கைக்குச் சும்மா வருவது மட்டும் எப்படி வருகிறதோ என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அதனால் எந்தக் குலுக்கலானாலும் ரெண்டு சீட்டு, தன் பேரில் ஒன்று, அவன் பேரில் ஒன்று. இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்துச் சீட்டு போட்டவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் போன் விளையாட்டிலும் அப்படியே செய்துவைத்தாள். வம்பு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

விளையாட்டா, இந்த வயதிலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் விடிய விடியச் சீட்டாடுகிற ஆம்பளைகளை யாரும் வயது கேட்பதில்லை. விக்டோரியா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பர்மனென்ட். பெல்ட்டில் மூடிகள் ஓடிவந்துகொண்டே இருக்கும். விளிம்பு நசுங்கினது, நிறம் மங்கினது எல்லாம் பார்த்துப் பொறுக்கிப் போட வேண்டும். நாளெல்லாம் அதையே பார்த்துவிட்டு வருகிறவளுக்குக் கண்ணை மூடினாலும் மூடிதான் ஓடும். மீஞ்சூரில் ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதே செக்‌ஷனில் வேலை செய்யும் பூமிகா பொன்னேரியில் ஏறுவாள். அவள்தான் ஒருநாள் போனை நீட்டி, “இதப் பாருக்கா, மனசு மாறும்” என்று காட்டினாள்.

அந்த விளையாட்டுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர் ஒன்று உண்டு. கம்பெனிப் பெண்கள் டிராகன் கேம் என்பார்கள். மலை, காடு, கோட்டை, நெருப்பு கக்குகிற பிராணி எல்லாம் அதில் இருக்கிறது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் கத்தியும் கேடயமுமாக அலைவார்கள். விக்டோரியா ஒருநாள்கூடச் சண்டைக்குப் போனதில்லை. அவள் காட்டில் மூலிகை பறிப்பாள். பறித்ததை அண்டாவில் போட்டுக் காய்ச்சுவாள். அடிபட்டு வருகிறவர்கள் அந்தக் கஷாயத்தை வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி அடிபடப் போவார்கள். விற்று வந்த பொற்காசுகளை அவள் செலவே செய்யவில்லை. எதற்குச் சேர்க்கிறாள் என்று பூமிகாவுக்கும் தெரியாது, அவளுக்கே முதலில் தெரியாது.

ஒருநாள் அந்த விளையாட்டில் ஏரிக்கரை ஓரமாகப் புது ஊர் ஒன்றைத் திறந்தார்கள். ஓட்டு வீடுகள், மாடியோடு, பின்னால் கொஞ்சம் தோட்டத்தோடு. வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கில், வீடுகளோ கொஞ்சம். ஆகவே குலுக்கல். ஒரு போன் நம்பருக்கு ஒரு சீட்டு. விக்டோரியா தன் நம்பரில் ஒன்று போட்டாள். பிறகு மோசஸ் நம்பரில் அவன் பேருக்கே ஒரு ஆளை உண்டாக்கி, தொப்பி மாட்டி, தாடி வைத்து, இன்னொன்று போட்டாள். அவன் போனுக்கு வந்த ஓடிபியை அவன் பல் விளக்கிக்கொண்டே படித்துச் சொன்னான். எதற்கு என்று கேட்டான். ஊடு வாங்கத்தான் என்றாள். அவன் எச்சிலைத் துப்பிவிட்டு, நாஷ்டா ரெடியா என்று கேட்டான். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

மோசஸ் பேருக்குத்தான் விழுந்தது. வேறு யார் பேருக்கு விழும்.

சேர்த்த பொற்காசையெல்லாம் கொட்டி வீட்டை வாங்கியதும் விக்டோரியா செய்த முதல் காரியம், நாலு சுவரிலும் ஆணி அடித்தது. இது வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். மீஞ்சூரில் அவர்கள் மாற்றி மாற்றி இருந்த எந்த வீட்டிலும் ஓனர் சாவி கொடுக்கும்போது சொல்கிற முதல் வார்த்தை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். கல்யாண போட்டோவே பீரோமேல் சாய்ந்துதான் நிற்கிறது. அந்த ஆத்திரத்துக்கு இங்கே கேடயம், மான் கொம்பு, படம், விளக்கு, காய்ந்த மூலிகைக் கட்டு என்று ஒரு விரற்கடை இடம் விடாமல் மாட்டிவைத்தாள். வாசலில் வரிசையாக ஆறேழு மரப் பீப்பாய்கள். பக்கத்து வீட்டில் நீளக் காதுள்ள ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, இதில் சாராயமா வைத்திருக்கிறாய் என்று கேட்டார். தண்ணீர் என்று எழுதினாள் விக்டோரியா. எதிரிலேயே ஏரி இருக்கிறதே என்றார் அவர். ஏரி இருந்தால்? தண்ணீரைப் பிடித்துவைக்காமல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்குப் புரியவில்லை, அவருக்கும் புரியவைக்க முடியவில்லை.

மாடியைப் பூமிகாவுக்கு விட்டாள். வாடகை ஒன்றும் கிடையாது, அவள் ஆணி அடிக்கலாம், விருந்தாளி வரலாம், மோட்டார் எந்நேரமும் ஓடும் என்று ரயிலில் சட்டம் படித்துச் சிரித்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலையில்லை. தோட்டத்தில் செடி வாடும், தண்ணி ஊற்ற வேண்டும். அடுப்பு அணைந்துபோகும். அதைவிட முக்கியமானது, சொந்தக்காரர் வாரத்துக்கு ஒருமுறையாவது நேரில் வந்து கதவைத் திறக்க வேண்டும். வராவிட்டால் வாசலில் சிவப்புச் சீட்டு ஒன்று தொங்கும். அதற்கும் மசியாவிட்டால் வீட்டைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். விக்டோரியா தன் போனிலேயே மோசஸ் பேரில் உள்ளே போவாள், தாடிக்காரனை நடத்திக்கொண்டுபோய்க் கதவைத் திறப்பாள், பிறகு வெளியே வந்து தன் பேரில் போய் மற்ற வேலை பார்ப்பாள்.

நிஜ மோசஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவனுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. நிலக்கரிச் சாம்பலில் முங்கி எழுந்து வருகிறவனுக்குக் குளித்துவிட்டுப் படுத்தால் போதும். எப்போதாவது கண்ணை மூடிக்கொண்டே, “நம்ம ஊடு இன்னா ஆச்சி?” என்று கேட்பான். கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் தூங்கிவிடுவான்.

அந்தக் குடும்பத்தின் ஏற்பாடு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களிடம் இருப்பது எல்லாமே விக்டோரியா பேரில். பைக் அவள் பேரில், ஏனென்றால் பைனான்ஸ்காரன் பி.எஃப். பிடித்த சம்பளச் சீட்டைக் கேட்டான், மோசஸிடம் அது கிடையாது. வீட்டு அக்ரிமென்ட் அவள் பேரில், ஏனென்றால் ஓனருக்குக் கம்பெனி ஆள்மேல்தான் நம்பிக்கை. கேஸ், பிரிட்ஜ் தவணை, நர்ஸிங் படிக்கும் மகள் ஸ்நேகாவின் படிப்புக் கடன், எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. மோசஸ் பக்கத்தில் நின்று ஆதார் ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பான். அவன் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த காலனி வீடு அண்ணன் எபினேசருக்குப் போய்விட்டது. எபினேசர் நல்லவர்தான், பொங்கலுக்குக் கூப்பிடுவார், கறி போடுவார், அவர்களும் சாப்பிட்டுவிட்டுக் கடைசி ரயிலுக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் விக்டோரியாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மறைப்பானேன், நிறையவே உண்டு. கூட வேலை செய்கிற பெண்களிடம், எங்க வீட்டில் ஒரு ஸ்பூன்கூட என் பேரில்தான் என்று சொல்லியிருக்கிறாள்.

போன வருஷக் கடைசியில் அத்திப்பட்டில் மோசஸோடு வேலை பார்க்கிறவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார்கள். பந்தியில் அவன் கூட்டாளி ஒருவர் ரசத்தை நிறுத்திவிட்டு, ஏரிக்கரை ஓரமா மாடி வீடு வாங்கிட்டீங்களாமே அண்ணி, பால் காய்ச்சக் கூப்பிடவேயில்லையே என்று நிஷ்டூரமாகக் கேட்டார். பக்கத்து இலைக்காரர், எந்த ஏரி, பழவேற்காடா, அங்கே விலை ஏறிப்போச்சே என்றார். விக்டோரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. பைக்கில் திரும்பும்போது அவனை ஒரு பிடி பிடித்தாள். இதெல்லாம் ஒரு பொய்யா, வெளியே தெரிந்தால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். மோசஸ் வண்டியை ஒழுங்காக ஓட்டிக்கொண்டே, தான் பொய்யே சொல்லவில்லை என்றான். ஏரிக்கரையில் என் பேரில் ஒரு வீடு இருக்கிறது என்றுதான் சொன்னானாம். போனுக்குள்ளா இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையாம். அவர்களாக நினைத்துக்கொண்டால் அவன் என்ன செய்வான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் சிரித்துவிட்டாள்.

பேஜாரு வந்தது போன் கெட்டபோது. ரயில் கூட்டத்தில் தள்ளுமுள்ளில் விக்டோரியாவின் போன் கீழே விழுந்து, யாரோ மிதித்து, உயிரை விட்டது. புதுப் போன் வாங்கி விளையாட்டை ஏற்றினால், மோசஸ் பேரில் உள்ளே போக ஓடிபி கேட்டது. சரி, ஒருமுறைதானே என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து விளையாட்டுக்காரர்கள் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். வீடுகளைத் திருட்டுத்தனமாக விற்கிறார்களாம், அதனால் சொந்தக்காரர் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் அவர் நம்பருக்கு ஓடிபி போகும். போகட்டும், தப்பில்லை. ஆனால் மோசஸின் காண்ட்ராக்டர் வேலைக்கு வந்ததும் எல்லோர் போனையும் வாங்கி ஷெட்டில் பூட்டிவைக்கிற ஆள். மோசஸ் சாயங்காலம் போனைக் கையில் வாங்கும்போது காலையில் வந்த நம்பர் செத்துப்போயிருக்கும். அந்த வாரம் பார்த்து இவளுக்கு நைட் ஷிப்ட், ஞாயிறும் ஓவர்டைம், அவன் வீட்டிலிருக்கும் நேரத்தில் இவள் கம்பெனியில். கம்பெனி உள்ளே போன் எடுக்க முடியாது.

வாசலில் சிவப்புச் சீட்டு தொங்கிவிட்டது. பூமிகா மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு ரயிலில் சொன்னாள். விக்டோரியா விஷயத்தைக் காகிதத்தில் எழுதி மோசஸ் தலையணைமேல் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள். மறுநாள் மோசஸ் டீ நேரத்தில் ஷெட்டுக்குப் போய், மேஸ்திரியிடம் கெஞ்சி, போனை வாங்கி, வாசலிலேயே நின்று அவளைக் கூப்பிட்டு நம்பரைப் படித்தான். மேஸ்திரி எல்லார் எதிரிலும் அவனை வாய்க்கு வந்தபடி பேசினார். வீட்டு விஷயம் சார் என்று மட்டும் சொன்னானாம். கதவு திறந்தது, சீட்டு கழன்றது. வீடு பிழைத்தது.

அதற்கப்புறம்தான் விக்டோரியா முடிவெடுத்தாள். அடுத்தது அத்திப்பட்டில் ஷட் டவுன் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை மிஷினை நிறுத்திப் பழுது பார்க்கும் காலம். அப்போது மோசஸுக்கு ராவு பகல் தெரியாது, அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். சீட்டு தொங்கினால் கழற்ற ஆளிருக்காது. அதற்குள் வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்கு விளையாட்டில் வழி இருந்தது. பழைய சொந்தக்காரருக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போட்டால் முடிந்தது. அவனுக்கும் நிம்மதி, எவனிடமும் திட்டு வாங்க வேண்டாம் என்று நினைத்தாள். உண்மையிலேயே அவன் நல்லதுக்கென்றுதான் நினைத்தாள்.

மோசஸ் சரி என்றான். சரி என்றுவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னான். ஒருநாள் சார்ஜ் இல்லை. ஒருநாள் டவர் இல்லை. ஒருநாள் போனையே ஷெட்டில் மறந்துவிட்டு வந்தேன் என்றான். லுங்கி மடிப்புக்குள் அது மணியடித்தது. விக்டோரியாவுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. ஆம்பளைத் திமிர், வேறென்ன என்று ரயிலில் பூமிகாவிடம் பொரிந்தாள். ஒருநாள் உள்ளே வந்து பார்க்காத மனுஷனுக்குச் சொந்தக்காரன் என்ற பேர் மட்டும் வேண்டியிருக்கிறது.

ஷட் டவுன் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சபை முடிந்து வந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, மோசஸ் பாயில் மல்லாந்து படுத்திருந்தான். விக்டோரியா அவன் பக்கத்திலேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு விடுவதாயில்லை. அவன் போனை அவளே எடுத்து அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். தன் போனில் அழுத்த வேண்டியதை அழுத்தினாள். அவன் போன் டிங் என்றது.

அவன் எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“வந்துச்சா?”

“வந்துச்சி.”

“படிய்யா.”

“இப்போ இன்னாமே அவசரம்?”

அவ்வளவுதான், விக்டோரியாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. செடிக்குத் தண்ணி ஊற்றுவது யார், அடுப்பைப் பார்ப்பது யார், அந்த வீட்டுக்காக ரயிலில் நசுங்கிக்கொண்டு மூலிகை பொறுக்குவது யார் என்று ஆரம்பித்து, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி பேசினாள். “பேரு மட்டும் உன்னுது, பெருக்குறது நானு. ஒருநாளாச்சும் அந்த ஊட்டு வாசப்படிய மெறிச்சிருப்பியாய்யா நீ?”

 அவன் நம்பரை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் படித்தான். அவள் போட்டாள். திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. அவன் எட்டாவதோடு நின்றவன். போனில் இங்கிலீஷில் எது வந்தாலும், பேங்க் மெசேஜோ மின்சாரக் கட்டணமோ, அவள்தான் படித்துச் சொல்வாள். அந்த வழக்கத்தில் இதையும் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

“இந்த ஊட்டு ஓனர்ன்றதுல இருந்து மோசஸ் பேர நீக்கலாமா, ஆமாவா இல்லியான்னு கேக்குது.”

“நீக்கு” என்றான் மோசஸ்.

அவள் விரல் திரைக்குப் பக்கத்தில் போயிருந்தது. அவன் மின்விசிறியைப் பார்த்தபடி பேசினான்.

“பட்டாவுல எங்கப்பா எங்கண்ணன் பேரத்தான் போட்டாரு. கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டுல இருந்து எடுத்தாங்க. காண்ட்ராக்ட்ல வருசா வருசம் எடுத்துட்டுத் திரும்பப் போடுறாங்க, போடாத வருசமும் கீது. நீயும் எடு. அதுல இன்னா.”

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் குறைச்சல் என்று சொல்கிற குரல்தான். விக்டோரியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் இவன் ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றானே, அப்போது இவன் முகத்தை ஒருமுறையாவது பார்த்தோமா என்று யோசித்தாள். பார்த்ததாக ஞாபகமில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.  ஸ்பூன்கூட என் பேரில்தான் என்று சொல்லிச் சிரித்தது யார் காதில் விழுந்ததோ, இவன் காதில் விழுந்திருக்குமோ என்று பயமாகவும் இருந்தது.

‘இல்லை’ என்ற இடத்தில் விரலை வைத்தாள். கேள்வி மறைந்தது. ஏரிக்கரை வீடு வந்தது, அதே வாசல், அதே பீப்பாய்கள். நாளைக்கு ஷட் டவுன் தொடங்குகிறது. சீட்டு தொங்கும், கழற்ற ஆளில்லாமல் தொங்கும், அவன் வேலை முடிந்து வருவதற்குள் யாரோ ஒருவர் உள்ளே வந்து அவள் மாட்டியதையெல்லாம் கழற்றி எறிந்துவிடுவார். அது அவளுக்குத் தெரியும். போனால் போகட்டும். பிடுங்குகிறவர்கள் பிடுங்கிக்கொள்ளட்டும், தன் கையால் வேண்டாம்.

“முடிஞ்சிச்சா?” என்றான் அவன்.

“இல்லய்யா. நம்பர் எடுத்துக்கல.”

“நான் கரெக்டாத்தான படிச்சேன்?”

“நீ கரெக்டாத்தான் படிச்ச.”

“சரி, திரும்பவும் வரும், இரு” என்று மோசஸ் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். லுங்கி நுனியால் போன் கண்ணாடியைத் துடைத்தான். இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்பதுபோல் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நம்பர் வரக் காத்திருந்தான்.